உழவர் ஒருவரின் மிளகாய் மருத்துவம்: சாமுவேல் தொம்சன் வாழ்வும் வழக்கும்

அமெரிக்காவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றைப் படிப்போர் அடிக்கடி சந்திக்கும் சொற்றொடர்களுள் ஒன்று ஆக்கவுரிமை மருந்து என்பதாகும். வயிற்றுவலி, அசீரணம், பித்தம், பேதி என்று எதனைச் சொன்னாலும் அதற்கென ஒரு போத்தல் கடைத்தட்டில் இருந்த காலம் அது. இதிலுள்ள வேடிக்கை யாதெனில், அப்போத்தல்களில் மிகப் பெரும்பாலானவை எந்தவொரு ஆக்கவுரிமையையும் பெற்றிருக்கவில்லை. முற்காலத்தில் இங்கிலாந்து மன்னர்கள் சில மருந்து வணிகர்களுக்கு வழங்கிய உரிமைப் பத்திரங்களின் வழியாக அப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. உண்மையில் ஆக்கவுரிமை பெற வேண்டுமாயின் மருந்தில் என்னென்ன கலந்துள்ளன என்பதை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். இரகசியத்தையே முதலாகப் போட்டு வணிகம் செய்தவர்கள் அதற்கு முன்வராததில் வியப்பில்லை.

ஆயினும் ஒருவர் அதனைச் செய்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு மாதமளவே படித்த உழவரான அவர், தலைநகர் வொஷிங்டனுக்குச் சென்று, தமது மூலிகைகளையும் மிளகாயையும் பட்டியலிட்டுக் கொடுத்து, 1813 ஆம் ஆண்டு மார்ச் 3 ஆம் திகதி ஆக்கவுரிமைப் பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு திரும்பினார். அவர் பெயர் சாமுவேல் தொம்சன். அமெரிக்க மருத்துவ வரலாற்றை எழுதுவோர் எவரும் அவரைக் கடந்து செல்வதில்லை. சிலர் அவரைப் போலி வைத்தியர் என்பர். சிலர் ஏழைகளின் வைத்தியர் என்பர். அவரது வாழ்க்கையை ஒருமுறை முழுமையாகப் பார்த்தால், இவ்விரு பெயர்களுள் ஒன்றை மட்டும் தெரிவுசெய்வது எளிதன்று என்பது புலப்படும்.

தொம்சன் 1769 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி நியூ ஹம்ஷயர் பகுதியிலுள்ள அல்ஸ்டெட் என்ற குடியேற்றத்தில் பிறந்தார். காடு வெட்டிக் களனியாக்கும் குடும்பம் அது. அயலில் பட்டம் பெற்ற வைத்தியர் இல்லை. நோய் வந்தால் வேர்களும் பட்டைகளும் அறிந்த ஒரு மூதாட்டியையே ஊரார் நாடினர். அம்மூதாட்டியின் பின்னால் காட்டில் திரிந்து செடிகளின் பெயரையும் குணத்தையும் கற்றுக்கொண்டதே சிறுவன் சாமுவேலின் கல்வியாயிற்று. நான்கு வயதளவில், மாடு மேய்க்கும்போது ஒரு செடியின் காயைப் பறித்து வாயிலிட்டார். உடனே குமட்டலெடுத்தது. அதன்பின் பல ஆண்டுகள் மற்றச் சிறுவர்களுக்கு அதைக் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்து வேடிக்கை பார்த்தார். லொபேலியா என்ற அச்செடியே பின்னாளில் அவருக்குப் புகழையும் சிறைவாசத்தையும் ஒருங்கே கொண்டுவந்தது. அதனைத் தாமே கண்டுபிடித்ததாக அவர் இறுதிவரை சாதித்தார். அது சரியன்று. பழங்குடி மக்கள் அதனை முன்பே அறிந்திருந்தனர். மனாசே கட்லர் என்ற மதகுருவும் 1785 இல் அதுபற்றி எழுதியிருந்தார்.

தொம்சனை வைத்தியத்தின்பால் தள்ளியது செடிகளின் மீதிருந்த ஆர்வம் மட்டுமன்று. 1790 இல் அவரது தாயார் சின்னமுத்துக் கண்டு, அதைத் தொடர்ந்து நெஞ்சுநோயுற்றார். வைத்தியர்கள் வந்தனர், மருந்து கொடுத்தனர், தாயார் சில வாரங்களில் காலமானார். நோயைக் காட்டிலும் மருந்தே தாயைக் கொண்டுசென்றது என்ற எண்ணம் மகனின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. அதே ஆண்டில் திருமணம் செய்த அவர், முதற் குழந்தையின் பிறப்புக்குப் பின் மனைவியும் சாவின் விளிம்புக்குச் சென்றதைக் கண்டார். பட்டம் பெற்ற வைத்தியர்கள் பலர் வந்து பார்த்தும் குணமாகாத நிலையில், வேர் வைத்தியர் இருவர் வந்து அவரைத் தேற்றினர். சில ஆண்டுகளின் பின் இரண்டு வயதுப் பெண் குழந்தை, தொண்டை புண்ணாகி உடலெங்கும் சிவந்து தடிக்கும் காய்ச்சலால் துடித்தது. வைத்தியர் கைவிட்டார். தொம்சன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, போர்வையால் இருவரையும் மூடி, சூடேற்றிய பொருள்மீது வினாகிரியை ஊற்றி ஆவி பிடிக்கச் செய்தார். குழந்தை பிழைத்தது. குழந்தை ஆவியால் பிழைத்ததா, தானாகத் தேறியதா என்பதை எவராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரவைக் கடந்த ஒரு தந்தையிடம் அக்கேள்வியைக் கேட்பதிலும் பயனில்லை.

அக்கால வைத்தியம் எத்தகையது என்பதை இவ்விடத்தில் சற்றே விளக்க வேண்டியுள்ளது. இல்லையெனில் தொம்சனின் கோபம் எமக்கு விளங்காது. நோய் என்பது உடலின் மிகை என்றும், அதனை வடித்து வெளியேற்ற வேண்டும் என்றும் கற்றோர் நம்பினர். ஆகவே நரம்பை வெட்டி இரத்தம் வடித்தனர். தோலைச் சுட்டுக் கொப்புளம் எழுப்பினர். கலோமல் எனப்பட்ட இரசக் கலவையைப் பேதி மருந்தாக அளவின்றிக் கொடுத்தனர். பல் கழன்று விழுந்தால், வாயில் எச்சில் ஊறி வழிந்தால், மருந்து வேலைசெய்கிறது என்று மகிழ்ந்தனர். 1799 டிசம்பரில் தொண்டை நோயால் படுத்த ஜோர்ஜ் வொஷிங்டனுக்கு அரை நாளுக்குள் நான்கு தடவை இரத்தம் வடிக்கப்பட்டது. நாட்டின் முதல் ஜனாதிபதிக்கு நேர்ந்தது இதுவெனில், அல்ஸ்டெட் கிராமத்து ஏழைப் பெண்ணின் கதி எவ்வாறிருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இத்தனைக்கும் இவ்வைத்தியத்துக்குக் கட்டணமும் உண்டு.

1805 ஆம் ஆண்டளவில் தொம்சன் உழவைக் கைவிட்டு ஊரூராகச் சென்று வைத்தியம் செய்யத் தொடங்கினார். அவரது கொள்கை மிக எளிமையானது. நோய்கள் அனைத்துக்கும் காரணம் ஒன்றே; அது குளிர். உடல் நெருப்பு, காற்று, நீர், மண் ஆகியவற்றால் ஆனது. அதனுள் இருக்கும் சூடே உயிர். வயிறு ஓர் அடுப்பு, உணவு விறகு. அடுப்பில் சாம்பலும் புகைக்கரியும் அடைத்துக்கொண்டால் தீ அணைவது போல, வயிற்றின் உட்சுவரில் அழுக்குப் படிந்தால் உணவு எரியாது, சூடு குறையும், நோய் புகும். ஆகவே முதலில் அடுப்பைத் துப்புரவு செய்ய வேண்டும், பின்னர் தீயை மூட்ட வேண்டும், அதன் பின்னர் அணையாது காக்க வேண்டும். சித்த மருத்துவத்தின் ஐம்பூதங்களையும் யூனானி வைத்தியத்தின் சூடு, குளிர் பாகுபாட்டையும் கேட்டு வளர்ந்த எமது வாசகர்களுக்கு இது அந்நியமான பேச்சாகத் தோன்றாது. ஆனால் அம்மரபுகளின் பின்னால் பல நூற்றாண்டு நூற்பயிற்சி உண்டு. தொம்சனுக்கு இருந்தது ஓர் உவமை மட்டுமே.

மருந்துகளுக்கு அவர் பெயரிடாமல் இலக்கமிட்டார். முதலாம் இலக்கம் லொபேலியா. அது வாந்தியெடுக்கச் செய்து வயிற்றைத் துப்புரவாக்கும். இரண்டாம் இலக்கம் கயேன் மிளகாய்த் தூள். அது மூட்டிய சூட்டைத் தக்கவைக்கும். மூன்றாம் இலக்கம் துவர்ப்பான பட்டைகளும் வேர்களும். அவை வயிற்றுச் சுவரில் படிந்ததைச் சுரண்டியெடுக்கும். நான்காவது சீரணத்தைத் தூண்டும் கசப்பு. ஐந்தாவது வயிற்றுளைவுக்கும் பேதிக்குப் பின் குடலைத் தேற்றுவதற்கும் உரிய பாணி. ஆறாவது வெள்ளைப்போளமும் மிளகாயும் பிராந்தியில் ஊறிய துளிமருந்து. வாடிக்கையாளர் எண்ணக் கற்றிருந்தாற் போதும், வைத்தியம் செய்யலாம் என்பது இதன் பொருள்.

இவற்றுக்கு அப்பால், அவர் பெயரை வீடுதோறும் கொண்டுசென்றது கூட்டுத் தூள் எனப்பட்ட மற்றொரு மருந்தாகும். பேபெரி வேர்ப்பட்டை இரண்டு இறாத்தல், ஹெம்லொக் மரத்தின் உட்பட்டை ஒரு இறாத்தல், இஞ்சி ஒரு இறாத்தல், கயேன் மிளகாய் இரண்டு அவுன்ஸ், கராம்பு இரண்டு அவுன்ஸ். இவற்றை இடித்து, அரித்து, வெந்நீரில் கலந்து, சீனியும் பாலும் சேர்த்துக் குடிக்க வேண்டும். தடிமனுக்கும் வயிற்றுவலிக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் இதுவே முதல் மருந்து. கராம்பும் இஞ்சியும் அமெரிக்க மண்ணில் விளைந்தவையல்ல, கப்பலேறி வந்தவை. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது. போர்த்துக்கேயர் வழியாக எமது சமையலறைக்கு வந்து சேர்ந்த அதே மிளகாய், தன் சொந்தக் கண்டத்தின் வடகோடியில் மருந்துப் பெட்டிக்குள் புகுந்தது. கொத்தமல்லியும் சுக்கும் அவித்த குடிநீரைக் குடித்துத் தடிமனை விரட்டிய எவருக்கும் அந்தக் கூட்டுத் தூளின் சுவையை ஓரளவு ஊகிக்க முடியும்.

உப்பிட்ட பன்றியிறைச்சியும் கொழுப்பில் பொரித்த உணவும் மலிவான விஸ்கியும் அன்றைய அமெரிக்கரின் அன்றாட ஆகாரமாயிருந்தன. அசீரணம் அந்நாட்டின் தேசிய நோய் என்று வெளிநாட்டுப் பயணிகள் கேலி பேசுமளவுக்கு நிலைமை இருந்தது. கோடைகாலத்தில் வயிற்றுளைவு வந்து குழந்தைகள் மடிவது எல்லா ஊர்களிலும் காணப்பட்ட துயரம். இந்த மக்களிடம் ஒருவர் வந்து, இரத்தம் வடிக்க வேண்டாம், இரசம் தின்ன வேண்டாம், சூடான காரமான ஒரு கிண்ணம் குடித்தாற் போதும் என்று சொன்னபோது அவர்கள் செவிசாய்த்ததில் வியப்பென்ன?

வைத்தியர்களும் செவிசாய்த்தனர், வேறு விதமாக. 1809 ஜனவரியில் மசசூசெட்ஸ் மாநிலத்தின் பெவர்லி நகரில் எஸ்ரா லொவெட் என்ற இளைஞருக்குத் தொம்சன் சிகிச்சையளித்தார். திரும்பத் திரும்ப லொபேலியா கொடுக்கப்பட்டது. ஒரு வாரமளவில் இளைஞர் இறந்தார். அவ்வாண்டு நவம்பரில் கொலைக் குற்றஞ்சாட்டித் தொம்சனை நியூபரிபோர்ட் சிறையில் விலங்கிட்டு அடைத்தனர். குளிரே எல்லா நோய்க்கும் மூலம் என்று போதித்தவர், குளிர்காலத்தில் கணப்பு இல்லாத அறையில் ஏறக்குறைய நாற்பது நாட்கள் கிடந்தார். டிசம்பரில் சேலம் நகரில் மாநில உயர் நீதிமன்றம் கூடியது. பிரதம நீதியரசர் தியோபிலஸ் பார்சன்ஸ் முன்னிலையில் வழக்கு நடந்தது. லொபேலியா பற்றி முன்பே எழுதியிருந்த கட்லர் அச்செடியால் தமது ஈளை நோய் தணிந்ததென்று சாட்சியமளித்தார். தொம்சன் தமது மருந்துகளுக்கு இட்டிருந்த விசித்திரமான நாட்டுப் பெயர்கள் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டு, சட்ட அறிக்கையிலும் பதிவாகின. இறுதியில் தீர்ப்பு: இவர் அறியாமை மிகுந்தவர், ஆனால் கொல்லும் எண்ணம் இவருக்கு இருந்ததாகக் காட்டப்படவில்லை, ஆதலால் இது கொலையாகாது. தொம்சன் விடுதலையானார்.

இத்தீர்ப்பு சட்ட மாணவர்கள் நெடுங்காலம் படித்ததொன்று. நல்லெண்ணம் இருந்தால் அறியாமை குற்றமாகாது என்ற அதன் போக்கை 1884 இல் அதே மசசூசெட்ஸ் நீதிமன்றத்தில் நீதியரசர் ஒலிவர் வெண்டெல் ஹோம்ஸ் வேறு திசைக்குத் திருப்பினார். நோயாளி ஒருவருக்கு மண்ணெண்ணெயில் தோய்த்த துணிகளைச் சுற்றி வைத்து அவர் மரணத்துக்குக் காரணமான ஒருவரின் வழக்கு அது. எண்ணம் நல்லதாயினும், சாதாரண விவேகமுள்ள ஒருவர் ஆபத்தென அறியக்கூடிய செயலைச் செய்தவர் பொறுப்பேற்க வேண்டும் என்று அவர் தீர்த்தார். லொவெட்டின் குடும்பத்துக்கு அத்தீர்ப்பு எழுபத்தைந்து ஆண்டுகள் பிந்தி வந்தது. தொம்சனின் வாழ்வைப் போற்றி எழுதுவோர் அந்த இளைஞரின் பெயரை விரைவாகக் கடந்துசெல்வதை நாம் கண்டிருக்கிறோம். அது நேர்மையாகாது.

சிறையிலிருந்து வந்தவர் ஒரு பாடம் கற்றிருந்தார். தமது முறைக்கு அரசின் முத்திரை வேண்டும். ஆக்கவுரிமை தேடி வொஷிங்டனுக்குச் சென்றது இதனால்தான். அப்பயணத்தின்போது பிலடெல்பியாவில் நாட்டின் புகழ்பெற்ற வைத்தியரான பெஞ்சமின் ரஷ்ஷைச் சந்தித்துத் தமது முறையை விளக்கினார். இரத்தம் வடிப்பதிலும் கலோமல் கொடுப்பதிலும் ரஷ்ஷை மிஞ்சியவர் இலர். இருந்தும் அவர் மரியாதையுடன் கேட்டதாகத் தொம்சன் பதிவுசெய்திருக்கிறார். ரஷ் சில வாரங்களிலேயே காலமானார். அச்சந்திப்பு நீடித்திருந்தால் என்ன விளைந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது சுவாரசியமானது.

ஆக்கவுரிமை கைக்கு வந்ததும் தொம்சன் வைத்தியத்தையே விற்கத் தொடங்கினார். இருபது டொலர் கொடுத்தால் ஒரு குடும்பத்துக்கு உரிமைப் பத்திரம் கிடைக்கும். அதனை வாங்கியவர் தம்மையும் தம் குடும்பத்தையும் தாமே குணப்படுத்திக்கொள்ளலாம். அன்றைய பண்ணைத் தொழிலாளிக்கு இருபது டொலர் ஏறக்குறைய இரண்டு மாதக் கூலி. ஆயினும் வாங்கினர். உரிமை வாங்கியோர் நட்புறவு மூலிகைச் சங்கங்களாகக் கூடித் தம் அனுபவங்களைப் பரிமாறினர். 1822 இல் பொஸ்டனில் அவரது பெரும் நூல் வெளிவந்தது. ஆரோக்கியத்துக்குப் புதிய வழிகாட்டி என்ற பொருளில் பெயரிடப்பட்ட அந்நூலின் முற்பகுதி அவரது வாழ்க்கை வரலாறு. பிற்பகுதி மருந்து முறைகள். வாழ்க்கையின் முடிவுக்குள் நூறாயிரம் குடும்ப உரிமைகள் விற்கப்பட்டதாக அவரது தரப்பினர் கணக்குக் காட்டினர். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் ஒஹையோவிலும் தென் மாநிலங்களிலும் இம்முறை வேரூன்றியதை எதிரிகளும் மறுக்கவில்லை. அமெரிக்காவுக்கு அம்மைப்பால் குத்துதலை அறிமுகப்படுத்திய பெஞ்சமின் வோட்டர்ஹவுஸ் போன்ற கற்றறிந்த வைத்தியரே தொம்சனுக்கு ஆதரவாக எழுதினார்.

இங்குதான் அம்மனிதரின் வாழ்க்கையிலுள்ள முடிச்சு இருப்பதாக நாம் கருதுகிறோம். மதம் குருமார் கையிலிருந்தும் ஆட்சி மன்னர் கையிலிருந்தும் விடுபட்டது போல, மருத்துவம் வைத்தியர் கையிலிருந்து விடுபட வேண்டும், ஒவ்வொருவரும் தமக்குத் தாமே வைத்தியராக வேண்டும் என்பது அவரது பேச்சு. ஆனால் அவ்வாறு விடுதலையான அறிவுக்கு அவரே சொந்தக்காரராகவும் இருக்க விரும்பினார். வாங்கியவர் அதை மற்றவருக்குச் சொல்லலாகாது. நூலில் சில இடங்கள் வாய்மொழியாகவே விளக்கப்படும் என விடப்பட்டன. முகவர்கள் தாமே மருந்து தயாரித்து விற்றபோது அவர் வழக்குத் தொடுத்தார். முதல் நூலை எழுத உதவிய போதகர் இலயாஸ் சிமித்துடன் பகை. ஒஹையோவில் உரிமைகளை விற்றுப் பெரும் பொருளீட்டிய ஹோர்ட்டன் ஹவார்டுடன் பகை. உறவினரும் நண்பரும் ஒவ்வொருவராக விலகினர். 1837 இல் மசசூசெட்ஸ் நீதிமன்றம் அவர் தொடுத்த மற்றொரு வழக்கில், பிறர் தமது மருந்தை அவருடையதெனக் காட்டி விற்றால் அது குற்றம், ஆனால் தொம்சன் மருந்து என்பது ஒருவகை மருந்தின் பொதுப்பெயராகிவிட்டிருந்தால் அப்பெயரைப் பயன்படுத்துவோரைத் தடுக்க இயலாது என்று விளக்கியது. ஒருவர் பெயர் ஊர்ச்சொத்தாகிவிட்டதை இதைவிடத் தெளிவாக எவரும் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது.

இறுதி முறிவு அவரது சீடர்களிடமிருந்து வந்தது. அல்வா கேர்ட்டிஸ் என்பவர் 1836 இல் கொலம்பஸ் நகரில் மூலிகை மருத்துவக் கல்லூரியொன்றை நிறுவினார். உடற்கூறும் வேதியியலும் கற்காமல் முன்னேற முடியாது என்பது அவர் நிலை. தொம்சனுக்கு அது துரோகமாகத் தெரிந்தது. கல்லூரி வந்தால் பட்டம் வரும், பட்டம் வந்தால் மக்கள் மீண்டும் படித்தவர் காலடியில் போய் நிற்பர் என்று அவர் அஞ்சினார். அச்சம் முற்றிலும் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் கல்லாமையை ஒரு கோட்பாடாக்கியவர், தாம் கண்டதற்கு அப்பால் காணும் வழியையும் அடைத்துவிட்டார்.

அப்பாற் காண்பதற்கு அன்றே ஒரு சாளரம் திறந்திருந்தது. அச்சாளரம் ஒரு மனிதனின் வயிற்றிலேயே இருந்தது. தொம்சனின் நூல் வெளிவந்த அதே 1822 ஆம் ஆண்டில், மக்கினோ தீவில் அலெக்சி சென் மார்டின் என்ற தோல் வணிகத் தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. இராணுவ வைத்தியர் வில்லியம் போமொன்ட் அவரைப் பிழைக்கவைத்தார். ஆனால் வயிற்றின் துளை மூடவில்லை. அத்துளை வழியாக உணவுத் துண்டுகளை நூலிற் கட்டி இறக்கி, எடுத்துப் பார்த்து, பல ஆண்டுகள் ஆய்வு செய்த போமொன்ட் 1833 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். வயிறு அடுப்பன்று. அதிற் சுரக்கும் புளிப்பு நீரே உணவைக் கரைக்கிறது. அந்நீரைப் புட்டியிலிட்டு வெதுவெதுப்பாக வைத்தால் வெளியிலும் இறைச்சி கரைகிறது. ஆரோக்கியமான வயிற்றுக்குக் காரப்பொருள்கள் தீங்கானவை என்றும், மதுவைத் தொடர்ந்து அருந்தினால் வயிறு நோயுறும் என்றும் அவர் எழுதினார். உவமையால் பேசிய உழவருக்கும் நூலிற் கட்டிய இறைச்சியால் பேசிய வைத்தியருக்கும் இடையே உள்ள தூரம் அதுதான். அந்த ஏழைத் தொழிலாளி அவ்வாய்வுக்கு எவ்வளவு மனமுவந்து உடன்பட்டார் என்பது வேறொரு கட்டுரைக்குரிய வினா.

இன்றைய அறிவைக் கொண்டு தொம்சனின் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தால் கிடைப்பது கலப்பான கணக்கு. இரசத்தையும் இரத்தம் வடித்தலையும் அவர் எதிர்த்தது சரி. வைத்தியர்களை வாசலில் நிறுத்திய ஒவ்வொரு வீட்டிலும் சில உயிர்கள் அதனாலேயே தப்பியிருக்க வேண்டும். இஞ்சி குமட்டலைத் தணிக்கும் என்பதற்கு இக்கால ஆய்வுகள் ஓரளவு ஆதரவளிக்கின்றன. மிளகாய் உடலுக்குள் சூட்டை மூட்டுவதாக அவர் நம்பியதற்கும் ஒரு விளக்கம் கிடைத்திருக்கிறது. 1997 இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர், நரம்பில் கொதிநிலையை உணரும் அதே வாயிலை மிளகாயின் காரப்பொருளும் திறக்கிறது என்று கண்டனர். அதற்காக ஜூலியஸுக்கு 2021 இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. தொம்சன் உணர்ந்தது உண்மையான உணர்வு. ஆனால் அது சூடன்று, சூட்டின் செய்தி. மறுபுறத்தில், லொபேலியாவிலுள்ள பொருள் புகையிலையின் நஞ்சை ஒத்த முறையில் செயற்படுவது. அளவு மீறினால் ஆபத்து. வயிற்றுப்போக்கால் நீரும் உப்பும் இழந்த ஒருவரை மேலும் வாந்தியெடுக்கவும் வியர்க்கவும் செய்வது எத்தகைய கேடு என்பதை இன்று பாடசாலைப் பிள்ளையும் அறியும். பிராந்தியையும் மறக்கலாகாது. தாது மருந்துகளை நஞ்செனத் தள்ளியவர், ஐந்தாம், ஆறாம் இலக்கங்களை மதுவின்றித் தயாரிக்கவில்லை.

அந்த மதுதான் பின்வந்தோருக்கு வழிகாட்டிற்று போலும். தொம்சனின் சீடர்கள் வைத்தியர்களின் உரிமச் சட்டங்களை எதிர்த்து மாநிலம் மாநிலமாகப் போராடினர். அல்பனி நகரில் அவரது மகன் ஜோன், பல்லாயிரம் பேர் ஒப்பமிட்ட மனுச் சுருளைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சட்டமன்றத்துக்குத் தள்ளிச் சென்ற காட்சி அக்காலத்தில் பிரசித்தம். 1844 இல் நியூயோர்க் தனது தடைகளை நீக்கியது. மற்ற மாநிலங்கள் பலவும் அவ்வாறே செய்தன. கதவு திறந்தது. திறந்த கதவால் ஏழை வீட்டு மூலிகைக்காரர் மட்டும் நுழையவில்லை. 1853 அளவில் பிட்ஸ்பர்க் நகரில் சந்தைக்கு வந்த ஹொஸ்டெட்டர் வயிற்றுக் கசப்பு நீர், விஸ்கிக்கு நிகரான மதுவைக் கொண்டிருந்தும் வயிற்று மருந்தாகவே விற்பனையாகி, உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையினரின் கையிலும் இருந்தது. குழந்தையின் வயிற்றுவலிக்கெனப் பெயரிட்டு விற்ற பாணிகள் சிலவற்றில் அபின் இருந்தது. தாய்மார் அதனை அறியார். போத்தலில் அது எழுதப்பட்டிருக்கவில்லை. சாமுவேல் ஹொப்கின்ஸ் அடம்ஸ் 1905 இல் ஒரு வார இதழில் இவற்றை அம்பலப்படுத்திய பின்னரே, 1906 ஜூன் 30 ஆம் திகதி கையொப்பமான தூய உணவு மருந்துச் சட்டம், மதுவும் அபினும் எவ்வளவு உள்ளன என்பதைப் போத்தலின் மேல் எழுதுமாறு கட்டாயப்படுத்தியது. மருந்தில் என்ன இருக்கிறது என்று 1813 இல் தொம்சன் தாமாக எழுதிக் கொடுத்ததை, ஏனையோர் எழுத வைக்க அந்நாட்டுக்குத் தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் பிடித்தன.

இவற்றையெல்லாம் காணத் தொம்சன் உயிரோடிருக்கவில்லை. அவர் 1843 ஒக்டோபரில், தமது 74 ஆவது வயதில், பொஸ்டனில் காலமானார். கடைசி நோயிலும் வேறு வைத்தியரை அவர் நாடவில்லை. தமது இலக்கங்களையே வரிசையாக உட்கொண்டார்.

அவரது கூட்டுத் தூள் அதற்கு முன்பே அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்திருந்தது. அல்பர்ட் ஐசாயா கொபின் என்பவர் 1830களின் இறுதியில் அதனை இங்கிலாந்தின் ஆலை நகரங்களுக்குக் கொண்டுசென்றார். வைத்தியருக்குக் கொடுக்கப் பணமில்லாத நெசவாலைத் தொழிலாளர் அதனை வரவேற்றனர். அவ்வலையில், 1849 இல் நொட்டிங்ஹாம் நகரின் கூஸ் கேட் வீதியில், ஜோன் பூட் என்ற பண்ணைத் தொழிலாளி பிரித்தானிய அமெரிக்க மூலிகை நிலையம் என்ற பெயரில் சிறிய கடையொன்றைத் திறந்தார். அவர் இறந்தபின் மனைவியும் மகன் ஜெஸ்ஸியும் கடையை நடத்தினர். மருந்தாளர் பட்டம் பெற்ற ஒருவரை மகன் வேலைக்கமர்த்தியது 1884 இல். பிரித்தானியாவில் வாழும் எமது உறவுகள் இன்று வைத்தியரின் துண்டைக் காட்டி மருந்து வாங்கச் செல்லும் பூட்ஸ் மருந்தகங்கள் அந்தக் கடையின் வழிவந்தவையே.